நாற்பத்திரண்டு பாகம்

"எத்தனை பாகம்?"

ரெனிஷா நிமிர்ந்தாள்.

காலை ஏழே முக்கால் வண்டி. ஃப்ரீமாண்டில் கிளம்பிய ரயில் யூனியன் சிட்டியைத் தாண்டி பெர்க்லி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் மழை... பிப்ரவரி மழை. பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர் இருக்கையில் ஒருவன். கழுத்தில் ஆபீஸ் பேட்ஜ். இரண்டு நாள் தாடி. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். அந்தக் கண்கள் அவள் மடியிலிருந்த காகிதத்தைத் தலைகீழாகப் படிக்க முயன்றுகொண்டிருந்தன.

தமிழ்... இவனா கேட்டான்?

"சாரி?" என்றாள்.

"நீங்க வாசிச்சீங்கல்லா. கோபுரம், கொட்டகை, பாறைன்னு. ஆழத்தை மட்டும் சொல்லாம விட்டுட்டீங்க. அதான் கேட்டேன்."

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வாய்விட்டா படித்துக்கொண்டிருந்தோம்?

அது அவளுடைய பழக்கம். நார்வே மொழியில் ஒரு வரியைப் படித்தால், அதை முதலில் தமிழில் முணுமுணுத்துப் பார்ப்பாள். ஆங்கிலத்தில் மாற்றினால் புரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வந்துவிடும். ஒன்பது வயதில் திருச்சியிலிருந்து கூடவே வந்த தமிழ் அப்படி ஏமாற்றாது. புரியாததைப் புரியவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்த வண்டியில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தாலும் ஹெட்போனுக்குள் இருப்பார்கள் என்று நம்பியிருந்தாள்.

"இது கவிதைங்க," என்றாள்.

"எது?"

"நான் படிச்சது."

"ஓ..." அவன் கொஞ்சம் யோசித்தான். "இன்னொரு தடவ வாசிங்களேன்."

யாரென்றே தெரியாதவனுக்கு எதற்காக வாசிக்க வேண்டும்? ஆனால் அவன் கேட்ட விதத்தில் வழிசல் இல்லை. வேலை விஷயமாகக் கேட்கிறவன் மாதிரி இருந்தது. வாசித்தாள்.

"தேவாலயக் கோபுரம் சிவப்புக் கொட்டகையின் தலைமேல் வந்து நிற்கும்வரை போ. வடக்கே கழுகுப் பாறை கரையைவிட்டு விலகட்டும். நடுவே ஒரு கை அகலம் வானம் தெரியட்டும்... நாற்பத்திரண்டு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைகளுக்குள் எதையோ பார்க்கிற முகம். இமை நீளமாக இருந்தது. ஏன் இதையெல்லாம் கவனிக்கிறோம் என்று ரெனிஷா தன்னையே கடிந்துகொண்டாள்.

"நல்ல இடம்," என்றான் கண் திறந்து. "அடியில பாறை கெடக்கும். பெரிய மீன் நிக்கும்."

"என்னது?"

"இது கவிதை இல்லங்க. அட்ரஸ்." அவன் முன்னால் குனிந்தான். "கடல்ல ரோடு கிடையாதுல்லா. நேத்து மீன் கிடைச்ச இடத்துக்கு இன்னைக்கு எப்படிப் போவீங்க? திரும்பிக் கரையைப் பாக்கணும். கோயில் கோபுரமும் கொட்டகையும் ஒரே நேர்ல வருதா... அது ஒரு கோடு. இந்தப் பக்கம் பாறை கரையைவிட்டு அவ்வளவு விலகித் தெரியுதா... அது இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டுற இடத்துல நிக்கணும். கயித்துல கல்லைக் கட்டி இறக்கினா நாப்பத்திரண்டு பாகம் இருக்கும். எங்க ஊர்லயும் இதேதான். யாரு எழுதினது இது?"

"நில்ஸ்னு ஒருத்தர். நார்வேல. நூத்திப் பதினஞ்சு வருஷம் முன்னாடி."

"நார்வேயா..." அவன் முகம் பிரகாசமாகிவிட்டது. "அங்க உள்ளவனும் இப்படித்தானா?"

ரெனிஷாவுக்கு அந்தப் பிரகாசம் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டிபார்ட்மெண்டில் அவள் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். நாற்பது பக்கம். நில்ஸ் என்ற மீனவனின் நோட்டுப் புத்தகத்தில் முதல் பாதி முழுக்கத் தேவாலயப் பாடல்கள், அவன் கையெழுத்திலேயே. பின்பாதியில் இந்த மாதிரி அறுபத்து மூன்று துணுக்குகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எண். அந்த எண்கள் பைபிளில் உள்ள திருப்பாடல்களின் எண்கள் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். எந்த எண்ணும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. திருப்பாடல்களும் நூற்றைம்பதுதான். கோபுரம், வானம், பாறை... சின்ன வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவளுக்கு இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்?

"அது திருப்பாடல் நம்பர்," என்றாள்.

"இருக்காதுங்க. கைக்கயித்துக்கு அதுக்கு மேல ஆழம் போகாது. அதான் நூத்தம்பதுக்குள்ள நிக்குது."

"இது லிட்டரேச்சர்ங்க. மீன் மார்க்கெட் லிஸ்ட் இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் ஒரு கதவு மூடியது. கோபம் இல்லை, சண்டை இல்லை. மூடியது, அவ்வளவுதான்.

"சரிங்க," என்றான்.

ஹேவர்ட் ஸ்டேஷனில் எழுந்து பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் மழைக்கோட்டின் ஈரம் மட்டும் இருந்தது.

*

அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம்.

காலேஜில் ஒரு மொழி கட்டாயம் படிக்க வேண்டும் என்று, காலியாக இருந்த வகுப்பில் போய் உட்கார்ந்தவள் அவள். நார்வே மொழி. முதல் வாரமே ஏதோ ஒரு கொக்கி மாட்டிக்கொண்டது. பனியும் இருட்டும் மீனும் தவிர வேறெதுவும் இல்லாத ஊர்களில் இவ்வளவு எழுதியிருக்கிறார்களே என்ற திகைப்பு... அது இன்னும் தீரவில்லை. இப்போது எம்.ஏ. இரண்டாம் வருஷம்.

வீட்டில் திகைப்பு வேறு மாதிரி. "நார்வே பாஷையா? அதுல என்ன ஜாப் கிடைக்கும்?" என்றார் அப்பா மரிய அந்தோணி. சிலிக்கான் பள்ளத்தாக்கில் பதினைந்து வருஷமாக சிப் டிசைன் செய்கிறவர். "அங்கயும் தமிழ்தான் பேசறாங்களாம், யாழ்ப்பாணத்துக்காரங்க நிறைய இருக்காங்களே," என்றாள் அம்மா ஜோசபின், உதவுவதாக நினைத்து.

கடைசியில் அப்பா ஒரு முடிவு சொல்லிவிட்டார். டிபார்ட்மெண்ட் வருஷத்துக்கு ஒருவரை ஸ்காலர்ஷிப்பில் நார்வேக்கு அனுப்புகிறது. அது கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு இதை நிறுத்திவிட்டு அக்கவுண்டிங் சேர வேண்டும். ரெனிஷா ஒத்துக்கொண்டிருந்தாள். யாரை அனுப்புவது என்று அந்த வெள்ளிக்கிழமைக் கட்டுரையை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

பேராசிரியை முன்பே படித்துவிட்டார். மினசோட்டாவில் கோதுமை வயல்களுக்கு நடுவில் வளர்ந்த வயதான அம்மாள். "பல வருஷத்தில் நான் படித்த நல்ல கட்டுரை," என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அப்புறம் என்ன? ரயிலில் ஒருவன் உளறினான். அவ்வளவுதானே...

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். கட்டுரையைத் திறந்தால் எண்கள் முறைத்தன. மூன்றாம் நாள் லைப்ரரியின் மேப் ரூமுக்குப் போனாள். நில்ஸின் தீவைச் சுற்றியுள்ள கடலின் பழைய சார்ட் ஒன்று இருந்தது. அவன் காலத்தது. மேஜை முழுக்க விரிந்தது. கரையோரம் தேவாலயம், படகுக் கொட்டகைகள், பாறைகள், ஒவ்வொன்றும் பெயரோடு. கடல் முழுக்க எறும்பு போலப் பொடி எண்கள். ஒவ்வோர் எண்ணும் அந்த இடத்தின் ஆழம்.

டிரேசிங் பேப்பரை மேலே வைத்தாள். ஸ்கேலை எடுத்தாள்.

கோபுரத்திலிருந்து சிவப்புக் கொட்டகை வழியாகக் கடலுக்குள் ஒரு கோடு. வடக்கே, கழுகுப் பாறைக்கும் கரைக்கும் இடையில் அந்த ஒரு கை வானம் வழியாக இன்னொரு கோடு. இரண்டும் நடுக்கடலில் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன.

பென்சிலை எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

42.

உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது துணுக்கு. 27. சார்ட்டில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் 28 என்று இருந்தது. மூன்றாவது. நான்காவது... சாப்பிடப் போகவில்லை. மேப் ரூம் பொறுப்பாளர் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கோடு மேல் கோடு. ஒன்றுமே இல்லாத தண்ணீருக்கு நடுவில் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் விழுந்தன. ஐம்பத்தெட்டு புள்ளிகள். ஒரு மனிதன் கடலின் அடித்தளத்தையே மனதில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறான். கண்ணால் பார்க்கவே முடியாத பாறைகளை, கயிற்றின் நுனியில் தொட்டுத் தொட்டே அறிந்து வைத்திருக்கிறான். அதை இரண்டு வரிக்குள் எழுதியும் வைத்திருக்கிறான்.

இதைப் போய்த் திருப்பாடல் என்று நாற்பது பக்கம்...

ஐந்து மட்டும் சேரவில்லை. கோடுகள் மலைக்குள் போய் வெட்டின. மலைமேல் மீன் பிடிக்க முடியாது.

அந்த ஐந்தைப் பார்த்தபோது அவளுக்குள் ஒரு குரல் கேட்டது. ஐந்து தப்பு இருக்கிறதே, அவன் சொன்னதே தப்பாக இருக்கலாமே... பழைய கட்டுரையையே வாசித்துவிடேன்... டிபார்ட்மெண்டில் யாருக்குத் தெரியப் போகிறது?

டிரேசிங் பேப்பரைச் சுருட்டினாள். இல்லை. எனக்குத் தெரியும்.

*

பெயர் தெரியாது. போன் நம்பர் தெரியாது. எங்கே இறங்குவான் என்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஏழே முக்கால் வண்டி. திங்கள், செவ்வாய், புதன்... ஒவ்வொரு பெட்டியாக நடந்து தேடினாள். இல்லை. இரண்டு நாள் தாடியோடு வேறு யாராவது தெரிந்தால் நெஞ்சு ஒரு நொடி எகிறிவிட்டு அடங்கியது. இது டிபார்ட்மெண்டுக்காக மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ள அவளுக்கு நேரம் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். நாளை வெள்ளி. இன்று வராவிட்டால் ஐந்து ஓட்டையோடுதான் நிற்க வேண்டும்.

ஆறு இருபதுக்கு அவன் படியேறி வந்தான்.

அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிளாட்பாரத்து விளக்கு வெளிச்சத்தில் மழை நூல் நூலாக இறங்கியது. ரெனிஷா ஒத்திகை பார்த்து வைத்திருந்த எல்லாம் மறந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"மீன் மார்க்கெட்னு சொன்னதுக்கு."

"மீன் மார்க்கெட் நல்ல இடம்தான்," என்றான். "நீங்க சொன்ன மாதிரிதான் சரியில்ல."

"ஆமா."

அவள் அப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பார்வை கொஞ்சம் இளகியது.

"நீங்க சொன்னது கரெக்ட். மேப்ல போட்டுப் பாத்தேன். அம்பத்தெட்டு இடம் மேட்ச் ஆகுது."

"அம்பத்தெட்டா..." தூக்கம் அப்படியே கழன்று விழுந்தது அவன் முகத்திலிருந்து. "காட்டுங்க."

வண்டி வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சார்ட்டின் நகலை இருவர் மடியிலும் விரித்தாள். அவன் ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டான். தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போக மனம் இல்லாத மாதிரி அங்கேயே விரலை வைத்திருந்தான்.

"பேரு என்ன உங்களுக்கு?" என்றாள்.

"ஜோபின். குளச்சல் பக்கம்."

"ரெனிஷா. திருச்சி... அதாவது, இங்கதான்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க ட்ரெயின் ஏழே முக்கால் இல்லையா?"

"ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடிஞ்சிரும். ஒரு டேட்டா சென்டர்ல நைட் சப்போர்ட்."

"அப்போ அந்த ஒன்றரை மணி நேரம்?"

"ஸ்டேஷன்ல காபி குடிப்பேன்."

ஃப்ரீமாண்ட் ஸ்டேஷனில் யாரும் காபி விற்று அவள் பார்த்ததில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கழுத்துக்குப் பின்னால் சிவந்துபோயிருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள் மெதுவாக.

"நவம்பர்ல இருந்து," என்றான் ஜன்னலிடம். "ஒருநாள் ஓவர்டைம். அந்த வண்டியில ஏறினேன். ஒரு பொண்ணு தனியா உக்காந்து தமிழ்ல காத்து, அலை, பனின்னு பேசிக்கிட்டிருக்கு. எனக்கு அப்படியே... என்ன சொல்ல. பிறகு தினமும் ஏறினேன். கேக்கத்தான். வேற ஒண்ணும் இல்ல."

வண்டி பே ஃபேர் ஸ்டேஷனைத் தாண்டியது.

"அஞ்சு மேட்ச் ஆகல," என்றாள் கடைசியில், குரலைச் சரிசெய்துகொண்டு.

அவன் அந்த ஐந்தையும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னான். மூன்றாவது தடவையில் சிரித்துவிட்டான். அவன் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

"கள்ளன்," என்றான். "ஒரு அடையாளத்தைப் பொய்யா எழுதியிருக்காரு. எங்க அப்பாவும் அப்படித்தான். யாராவது எங்கடா போனேன்னு கேட்டா, ஒண்ணு உண்மை சொல்லுவாரு, ஒண்ணு பொய். நோட்டு யார் கையிலயாவது சிக்கினாலும் இடம் சிக்காது. சாதா இடத்துக்கு இந்தப் பாடு படமாட்டாங்க. இந்த அஞ்சுதான் அவரு வச்சிருந்ததுலயே பெரிய இடம்."

"அப்போ கண்டுபிடிக்க முடியாதா?"

"ஆழம் பொய் சொல்ல மாட்டாரு. அது அவருக்கே வேணும். முதல் கோடு உண்மைன்னு வைங்க... அந்தக் கோட்டு மேல அதே ஆழம் எங்க வருது?"

கோட்டின் மேல் அவள் விரல் நகர்ந்தது. தொண்ணூறு... நூற்றுப் பத்து... நூற்று முப்பது... எழுபத்தொன்று. நோட்டிலும் எழுபத்தொன்று. ஆழத்துக்கு நடுவில் தனியாக ஒரு மேடு.

ஒருவருக்கும் சொல்லாமல் நில்ஸ் பூட்டி வைத்த இடம், நூற்றுப் பதினைந்து வருஷம் கழித்து, ஓக்லண்டைத் தாண்டும் ஒரு ரயிலில் திறந்துகொண்டது. ரெனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

"இவங்க ஆழத்தை எதால அளக்குறாங்க?" என்றான்.

"ரெண்டு கையையும் விரிச்சா எவ்வளவு நீளமோ அவ்வளவு."

அவன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். ஒரு கை அவள் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதான் எங்க பாகம்," என்றான் ஜோபின். "நாங்க பாத்ததே இல்லையே அவங்கள..."

அவன் இறங்க வேண்டிய எல் செரிட்டோ போய்விட்டது. அவள் இறங்க வேண்டிய பெர்க்லி அதற்கு முன்பே போயிருந்தது. ரிச்மண்டில் வண்டி காலியானபோதுதான் இருவரும் கவனித்தார்கள்.

"நாளைக்கு வருவீங்களா?" என்றாள். "இந்த அஞ்சைப் பத்திக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

அவன் தயங்கினான். "ஆபீஸ்ல எங்க அப்பா எக்ஸ்போர்ட் பண்ணுதாருன்னு சொல்லி வச்சிருக்கேன். அவரு கடலுக்குப் போறது இங்க யாருக்கும் தெரியாது."

"அப்போ வேண்டாம். நான் சமாளிச்சுக்கறேன்."

அவள் சார்ட்டைச் சுருட்டினாள். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

வெள்ளி மதியம். அறையில் பதினோரு பேர். பன்னிரண்டாவதாக, கடைசி வரிசையில், கசங்கிய சட்டையோடு ஜோபின்.

"உங்களுக்கு நான் அனுப்பிய கட்டுரை தப்பு," என்றுதான் ரெனிஷா ஆரம்பித்தாள். "இன்று அதை நான் வாசிக்கப் போவதில்லை."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

புரொஜெக்டரில் தீவின் சார்ட்டைப் போட்டாள். அதன்மேல் ஒவ்வொரு கண்ணாடித் தாளாக வைத்தாள். ஒவ்வொரு தாளிலும் சிவப்புக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் நில்ஸின் இரண்டு வரி. அதிகம் பேசவில்லை. பேச வேண்டியும் இருக்கவில்லை. திரையில் கடல் மெல்ல மெல்ல நிரம்பியது. கடைசியாக அந்த ஐந்து, நீலத்தில். இவற்றில் மட்டும் நில்ஸ் ஓர் அடையாளத்தை வேண்டுமென்றே பொய்யாக எழுதியிருக்கிறார் என்றாள்.

பேராசிரியை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஒரு நீலப் புள்ளியைத் தொட்டார். புள்ளி அவர் விரல் நகத்தின்மேல் விழுந்தது.

"அந்த அடையாளம் பொய் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

ரெனிஷா வாயைத் திறந்தாள். கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"என் அப்பா மீன் பிடிக்கிறவர்," என்றான் ஜோபின் ஆங்கிலத்தில். எழுந்து நின்றிருந்தான். "இந்தியாவின் தெற்கு முனையில். அவரும் இப்படித்தான் மறைப்பார். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை லீவு நாளில் அவரோடு போவேன். வேறு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை."

பதினோரு தலைகளும் திரும்பியிருந்தன. அவன் காது சிவந்திருந்தது. ஆனால் உட்காரவில்லை. பேராசிரியை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், தேவாலயத்துக்குள் நுழைகிறவர்கள் பீடத்தைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"அங்கே அடியில் என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"பாறை. பெரிய மீன்."

அவர் தலையசைத்துவிட்டு ரெனிஷாவிடம் திரும்பினார். "அப்படியென்றால் இது இலக்கியம் இல்லையா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "ஒரு அடையாளமும் இல்லாத தண்ணீருக்கு நடுவில், வெறும் சொற்களை வைத்துக்கொண்டு, அதே இடத்துக்கு மறுபடியும் மறுபடியும் போயிருக்கிறார். நான் படித்த எந்தக் கவிதையும் இவ்வளவு பெரிய வேலை செய்ததில்லை. இதை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்."

*

ஏப்ரலில் கடிதம் வந்தது. ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம். மரிய அந்தோணி அதை இரண்டு தடவை படித்தார், ஒரு தடவை நின்றுகொண்டு, ஒரு தடவை உட்கார்ந்து. "சொன்னா சொன்னதுதான். போயிட்டு வா," என்றார். அப்புறம், "அந்தப் பையனுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும். சண்டே சாப்பிடக் கூப்பிடு."

ஏழு வாரமாக ஏழே முக்கால் வண்டியில் தினமும் பேசினார்கள். மழைக்காலம் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் பேசினார்கள்... ஒன்றைத் தவிர. கடிதத்தைக் காட்டியபோது ஜோபின் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "போங்க," என்றான். அவ்வளவுதான். ரெனிஷா அந்த ஒரு சொல்லோடு மூன்று நாள் சண்டை போட்டாள், மனதுக்குள். போங்கவாம். வேறே சொல்லே தெரியாதா இந்த மனுஷனுக்கு...

ஞாயிற்றுக்கிழமை தாடியில்லாமல் வந்தான். அயர்ன் செய்த சட்டை. கையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி. ஜோசபின் மீன் குழம்பு வைத்திருந்தாள்.

"எப்படியிருக்கு தம்பி?"

"குழம்பு ரொம்ப நல்லாருக்கு ஆன்ட்டி."

"மீனு?"

"மீனு... ஃப்ரீஸர்ல ரொம்ப நாள் இருந்துட்டு ஆன்ட்டி."

மரிய அந்தோணி சிரித்துவிட்டார். "பொய் சொல்ல மாட்டாரு போல. ஊர்ல அப்பா என்ன பண்றாரு?"

ரெனிஷாவின் கை தட்டில் நின்றது. அவள் வீட்டில் அதைச் சொல்லியிருக்கவில்லை. சொல்வது அவன் உரிமை என்று விட்டிருந்தாள்.

"மீன் பிடிக்கிறாரு அங்கிள். அண்ணனும் அவரும். சொந்த வள்ளம்."

"ம்..." என்றார் அப்பா. அந்த 'ம்'மில் என்ன இருக்கிறதென்று இருபத்து நான்கு வருஷம் அவரோடு வாழ்ந்த மகளுக்கே தெரியவில்லை. ஜோசபின் கணவனைப் பார்த்தாள். ஜோபின் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"அங்கிள், ஒண்ணு சொல்லணும். தப்பா இருந்தா எழுந்து போயிருதேன்."

"சொல்லுங்க."

"எனக்கு ரெனிஷாவை ரொம்பப் பிடிச்சிருக்கு. அவங்ககிட்ட இன்னும் சொல்லல. ரயில்ல சொல்லலாம்னு ஏழு வாரமா பாத்தேன், வாய் வரல. மனசுல இதை வச்சுக்கிட்டு உங்க வீட்ல சாப்பிட்டுட்டு, வெறும் தேங்க்ஸை வாங்கிட்டுப் போறது சரின்னு படல. அதான்."

பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ரசம் ஊத்தவா?" என்றாள் ஜோசபின், யாரிடம் என்று தெரியாமல்.

மரிய அந்தோணி மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

ரெனிஷா அப்பாவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவனைப் பார்த்தாள். அந்தக் கண்கள்... இப்போது தூக்கம் இல்லாத கண்கள் இல்லை. பயந்த கண்கள். பதினோரு பேருக்கு முன்னால்கூட இவ்வளவு பயப்படவில்லை.

"ஏன் போங்கன்னு சொன்னீங்க?" என்றாள்.

"பின்ன? போகாதீங்கன்னா சொல்ல முடியும்? அது உங்க வேலை. நீங்க அங்க நின்னு அந்தக் கோபுரத்தைப் பாக்கணும். அதுக்குக் குறுக்க நிக்க நான் ஆளில்ல."

"நான் போவேன்."

"தெரியும்."

"போயிட்டு வருவேன். வர்றவரைக்கும் வாரத்துக்கு ஒரு லெட்டர் எழுதணும். ஈமெயில் இல்ல, கையில எழுதினது. ஒரு வரில முடிக்கக் கூடாது." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, எனக்கும் அதேதான். நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும். எனக்கும் வாய் வரல."

மரிய அந்தோணி வெகுநேரம் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ஜோபின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஜோசபின், ரசத்தை ஊத்து," என்றார். "தட்டு காஞ்சு கிடக்கு. மத்ததை நிதானமா பேசுவோம். ஒரு வருஷம் இருக்கே."

ரசம் வந்தது. ஆவி பறந்தது. ஜோபின் அசையவில்லை.

"சாப்பிடு, ஜோபின்," என்றாள் ரெனிஷா.

முதல் தடவையாக, 'ங்க' இல்லை.

அவன் ரசத்தைப் பார்க்கவேயில்லை.